இருபத்துநான்கு மணியும் ஒரு கணமும்

ஓடுகின்ற காலத்தை ஒரு கணம் நிறுத்திக் காட்டும் விந்தையே நிழற்படம். ஆயினும் நிறுத்தப்பட்ட அக்கணத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அது சொல்லுவதில்லை. அவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் அருகில் நின்ற மனிதர்களே. படம் ஒருபுறமும் மனித நினைவு மறுபுறமும் நின்று ஒன்றையொன்று நிறைவு செய்தாலன்றி வரலாறு முழுமை பெறாது. இவ்வுண்மையை நெடுநேர மோட்டார்ப் பந்தயங்களின் பழைய படங்கள் மிகத் தெளிவாக உணர்த்துகின்றன.

நம் காலனியில் கார்களின் பெயரையும் வேகத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் சிறுவர் பலர் உளர். அவர்களுக்காகவும், அவர்கள் கூறுவதைக் கேட்டுப் புன்முறுவல் பூக்கும் பெரியோர்க்காகவும், இவ்வாண்டு மலரில் பிரெஞ்சு நாட்டு லெ மான் நகரப் பந்தயத்தைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். பெயரிலேயே மான் துள்ளுவதால் தமிழ்ச் செவிக்கு இவ்வூர் அந்நியமாகத் தோன்றாது!

லெ மான் பந்தயம் 24 மணி நேரம் நடப்பது. மாலையில் தொடங்கி, இரவு முழுதும் ஓடி, மறுநாள் அதே நேரத்தில் முடியும். அஃதாவது 86,400 நொடிகள். விரைந்து செல்லும் காரைப் படம்பிடிப்பவர் தம் காமிராவின் கதவை ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே திறக்கிறார் எனக் கொள்வோம். அப்பந்தயம் முழுவதையும் இடைவெளியின்றிப் படமாக்க 4 கோடியே 32 லட்சம் படங்கள் தேவைப்படும். நமக்குக் கிடைப்பனவோ அக்கடலில் முகந்த சில துளிகளே. அத்துளிகளுள் நான்கினை இங்கே எடுத்துக்கொள்வோம். படங்களை இம்மலரில் அச்சிட இயலாமையால் சொல்லால் காட்ட முயல்கிறோம்.

பந்தயம் பிறந்த கதை

வேகத்தை அளப்பதற்கென்று எழுந்ததன்று இப்பந்தயம். முதல் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில் ஐரோப்பியச் சாலைகளில் கார்கள் பெருகின. ஆனால் அவற்றின் விளக்குகள் நம்பத் தகாதவை. இயந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. சாதாரண மக்கள் வாங்கும் கார் பகலிலும் இரவிலும் மழையிலும் தடையின்றி ஓடுமா என்று சோதிக்க ஒரு களம் வேண்டும் என மூவர் எண்ணினர். ஒருவர் அப்பகுதி மோட்டார்க் கழகத்தின் செயலாளர் ஜார்ஜ் துரான். மற்றவர் பத்திரிகையாளர் ஷார்ல் ஃபரூ. மூன்றாமவர் கழற்றி மாட்டும் சக்கரங்கள் செய்த ஒரு கம்பெனியின் பிரெஞ்சுப் பிரதிநிதி எமில் கோக்கி.

1923-ஆம் ஆண்டு மே 26, 27 தேதிகளில் முதல் பந்தயம் நடந்தது. தனியாக ஒரு மைதானம் அமைக்கப்படவில்லை. ஊர்மக்கள் நாள்தோறும் வண்டியோட்டிச் செல்லும் சாலைகளையே மூடி, 17 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த ஒரு சுற்றாக ஆக்கினர். மழையும் ஆலங்கட்டியும் பொழிந்தன. புறப்பட்ட 33 கார்களுள் 30 கார்கள் இறுதிவரை ஓடி முடித்தது அக்காலத்தில் பெருவியப்பு. லகாஷ், லெயோனார் என்னும் இருவர் ஷெனார் வால்க்கர் என்ற காரில் 2,209 கிலோமீட்டர் கடந்து, மற்றெவரினும் மிகுந்த தொலைவு சென்றனர். ஆனால் அவர்களை வெற்றி வீரர் என்று அறிவிப்பது அவ்வாண்டின் நோக்கமே அன்று. மூன்றாண்டுகள் தொடர்ந்து நடக்கும் சோதனையில் தேறும் காருக்கே கோப்பை என்று விதித்திருந்தனர். நீடித்து உழைப்பதே அங்கு மேன்மை எனப் போற்றப்பட்டது.

தொடக்க ஆண்டுகளில் வேறொரு வேடிக்கையான விதியும் இருந்தது. திறந்த காரின் கூரைத் துணியை ஓட்டுநரே விரித்துக் கட்டி, சில சுற்றுகள் ஓட்டிக் காட்ட வேண்டும். மழைக்கு அத்துணி தாங்குமா என்று பார்ப்பதற்கே இவ்விதி. இதனைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இன்று நம் வாசலில் நிற்கும் கார்களும் இச்சோதனைகளுக்குக் கடன்பட்டவையே. 1953-இல் ஜாகுவார் கார் தட்டு வடிவ டிஸ்க் பிரேக்குகளுடன் இங்கு வென்ற பின்னரே அவற்றின் சிறப்பை உலகம் நன்குணர்ந்தது. சாதாரணக் கார்களில் அவை பரவியது அதன் பிறகேயாகும்.

ஒற்றை விளக்குக் கார்

முதற்படம் 1927-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பென்ட்லி என்னும் ஆங்கிலக் கார் ஒன்று, முன்புறம் நசுங்கியிருக்கிறது, முன்விளக்குகளுள் ஒன்று உடைந்திருக்கிறது. படத்தை மட்டும் கண்டவர், விபத்துக்குள்ளாகிப் பந்தயத்தினின்றும் விலகிய கார் என்றே எண்ணுவர். உண்மையில் அதுவே வென்ற கார்.

இரவு தொடங்கும் வேளையில் ‘வெள்ளை வீடு’ என்று பெயர் பெற்ற வளைவில் ஒரு கார் நிலைதடுமாறிச் சாலையை அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த மூன்று பென்ட்லிகளும் அக்குவியலில் அடுத்தடுத்துச் சிக்கின. மூன்றாவதை ஓட்டி வந்தவர் சாம்மி டேவிஸ் என்ற பத்திரிகையாளர். சாலையில் சிதறிக் கிடந்த மண்ணையும் மரத்துண்டுகளையும் கண்டு ஐயுற்று அவர் வேகத்தைக் குறைத்ததால், மோதல் மரணமாகாமல் சேதத்தோடு நின்றது. வளைந்த சக்கரத்தையும் உடைந்த விளக்கையும் தாமே சரிசெய்துகொண்டு மீண்டும் புறப்பட்டார். அவரும் அவர் கூட்டாளி டட்லி பெஞ்சஃபீல்டும் மாறி மாறி இரவெல்லாம் மழையில் ஓட்டினர். பெஞ்சஃபீல்ட் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்யும் மருத்துவர்! முன்னணியில் சென்ற பிரெஞ்சுக் கார் இறுதி நேரத்தில் பழுதுபட்டு நிற்க, இவர்களின் ஒற்றை விளக்குக் கார் முதலில் வந்தது. பின்னர் இலண்டனில் நடந்த வெற்றி விருந்துக்கு அக்காரையே சவாய் ஓட்டலின் உள்ளே கொண்டுவந்து சிறப்பு விருந்தாளியாக நிறுத்தினர்.

இப்பந்தயம் ஆடவர்க்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. 1930-இல் ஓதெத் சீக்கோ, மார்கெரித் மாரேய் என்னும் இரு பெண்மணிகள் புகாட்டி காரோட்டி ஏழாம் இடம் பெற்றனர். 1932-இல் சீக்கோ ஓர் ஆடவர் துணையுடன் ஓட்டி நான்காம் இடத்தை அடைந்தார். நம் பெண்மக்கள் இவ்விரு ஆண்டுகளையும் மனத்தில் குறித்துக்கொள்வார்களாக.

சிரித்த முகம்

இரண்டாம் படத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 1955-ஆம் ஆண்டு ஜூன் 12. மைக் ஹாத்தார்ன் என்ற இளைஞர், வென்ற ஜாகுவார் காரில், ஷாம்பேன் புட்டியுடன் சிரித்துக்கொண்டிருக்கிறார். வெற்றி பெற்ற இருபத்தாறு வயது இளைஞர் சிரிப்பதில் தவறென்ன என்று நாம் கேட்கக் கூடும். முதல் நாள் மாலை நடந்ததை அறிந்தால் அச்சிரிப்பு நம்மைச் சுடும்.

இக்கதைக்கு ஒரு முற்பகுதி உண்டு. 1952-இல் பியேர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர், தம் கூட்டாளியிடம் காரைக் கொடுக்க மறுத்து, ஏறத்தாழ 23 மணி நேரம் தாம் ஒருவராகவே ஓட்டினார். அனைவர்க்கும் முன்னே வெகுதூரம் சென்றுகொண்டிருந்தார். ஒரு மணிச் சொச்சமே எஞ்சியிருக்கையில் இயந்திரம் முறிந்தது. அவர் இழந்த வெற்றி ஜெர்மானிய மெர்சிடிஸ் கம்பெனிக்குக் கிடைத்தது. அன்று அவர் காட்டிய மன உறுதியை நினைவில் வைத்தே 1955-இல் அக்கம்பெனி அவரைத் தன் ஓட்டுநராக அழைத்தது என்பர். அப்போது அவருக்கு வயது 49.

ஜூன் 11 மாலை, பந்தயம் தொடங்கி இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. எரிபொருள் நிரப்புவதற்காக ஹாத்தார்ன் தம் காரை வலப்புறமாக ஒதுக்கிப் பிரேக் பிடித்தார். அக்காலத்தில் கார்கள் நின்று செல்லும் பிட் கொட்டில்களுக்கும் ஓடுதளத்துக்கும் இடையே தடுப்புச் சுவர் ஏதும் இல்லை. பின்னால் வந்த லான்ஸ் மாக்ளின் மோதலைத் தவிர்க்க இடப்புறம் விலகினார். பெருவேகத்தில் வந்த லெவெக்கின் மெர்சிடிஸ் அவர் கார்மீது ஏறி, மண்மேட்டில் மோதிச் சிதறியது. இயந்திரமும் இரும்புத் துண்டுகளும் கூட்டத்தினுள் பாய்ந்தன. லெவெக்கும் பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் இதனினும் கொடிய விபத்து நிகழ்ந்ததில்லை.

ஆயினும் பந்தயம் நிறுத்தப்படவில்லை. பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேறினால் மருத்துவ வண்டிகளின் வழி அடைபடும் என்று அதிகாரிகள் காரணம் கூறினர். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கார்கள் நள்ளிரவுக்குப் பின் விலகிக்கொண்டன. ஹாத்தார்னும் ஐவர் பியூப் என்பவரும் வென்றனர். அந்த வெற்றிச் சிரிப்பின் படம் செய்தித்தாளில் வெளிவந்தபோது பிரெஞ்சு மக்கள் கொதித்தெழுந்தனர்.

விபத்தை ஆராய்ந்தவர்கள் எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாகக் கூறவில்லை. குறுகிய பாதையும் பழைய அமைப்புமே காரணமெனக் கண்டனர். வேகம் ஆண்டுதோறும் வளர்ந்தது, பாதையோ வளரவில்லை. அதன்பின் பிட் கொட்டில்கள் இடிக்கப்பட்டு, பாதை அகலமாக்கப்பட்டு, பார்வையாளர் இருக்கைகள் பின்னே தள்ளப்பட்டன. சுவிட்சர்லாந்து வட்டப்பாதைப் பந்தயங்களைத் தன் நாட்டில் தடைசெய்து, பல பத்தாண்டுகள் அத்தடையை நீக்காதிருந்தது. ஒரு முகத்தின் சிரிப்பு மட்டும் படத்தில் நிலைத்துவிட்டது. அம்முகம் அதற்கு முந்திய இரவில் எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்ல அப்படத்தால் இயலாது.

மூன்று கார்கள் ஒன்றாக

மூன்றாவது படம் உலகப் புகழ் பெற்றது. 1966 ஜூன் 19; மழையில் நனைந்த பாதை; மூன்று ஃபோர்டு கார்கள் ஒன்றையொன்று ஒட்டி எல்லைக் கோட்டை நோக்கி வருகின்றன.

1963-இல் அமெரிக்க ஃபோர்டு கம்பெனி இத்தாலிய ஃபெராரி கம்பெனியை விலைக்கு வாங்க முயன்றது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில் ஃபெராரி மறுத்துவிட்டார். 1960 முதல் 1965 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து லெ மானில் வென்றது ஃபெராரியே. அதனை அவ்விடத்திலேயே தோற்கடிப்பது என்று ஃபோர்டு உறுதி பூண்டது, பெரும்பொருள் செலவிட்டது. 1966-இல் அதற்குக் கிட்டிய பலனே அப்படம்.

ஆனால் அந்த அணிவகுப்பு தற்செயலாக அமைந்ததன்று. முன்னணியில் சென்றவர் கென் மைல்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அக்காரைச் சோதித்துச் சோதித்துச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். அதே ஆண்டில் டேட்டோனாவிலும் செப்ரிங்கிலும் நடந்த நெடுநேரப் பந்தயங்களில் வென்றிருந்தார். லெ மானிலும் வென்றால் ஒரே ஆண்டில் மூன்றையும் வென்றவர் என்ற பெருமை அவரைச் சேரும். பந்தயம் முடியும் தறுவாயில், மூன்று கார்களும் ஒன்றாக வரவேண்டும் என்று கம்பெனியிடமிருந்து கட்டளை பிறந்தது. மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். புரூஸ் மக்லாரனின் கார் அவரை எட்டிப் பிடித்தது. பன்னிரண்டு சுற்றுகள் பின்தங்கியிருந்த மூன்றாவது ஃபோர்டும் அவர்களுக்குப் பின்னே சேர்ந்துகொண்டது.

இருவரும் சமமென அறிவிக்கப்படுவர் என்று பலர் எதிர்பார்த்தனர். அதிகாரிகளோ வேறு கணக்குச் சொன்னார்கள்: தொடக்கத்தில் மக்லாரனின் கார் சில மீட்டர் பின்னே நிறுத்தப்பட்டிருந்தது, எனவே 24 மணி நேரத்தில் அதுவே அச்சில மீட்டர் மிகுதியாக ஓடியிருக்கிறது, வெற்றி மக்லாரனுக்கும் அவர் கூட்டாளி கிறிஸ் ஏமனுக்குமே உரியது. 4,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஓட்டம் சில மீட்டர் கணக்கில் தீர்க்கப்பட்டது! கட்டளைக்குப் பணிந்தவர் இரண்டாமவரானார்.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லாமற் போயிற்று. 1966 ஆகஸ்டு 17 அன்று கலிபோர்னியாவில் புதிய காரொன்றைச் சோதித்துக்கொண்டிருக்கையில் கென் மைல்ஸ் விபத்தில் இறந்தார். மக்லாரனும் 1970-இல் அவ்வாறே ஒரு காரைச் சோதிக்கையில் உயிர்நீத்தார். 2019-இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்று மைல்ஸின் பெயரை உலகெங்கும் மீண்டும் பரப்பியது. அதுவரை விளம்பரத்துக்கு ஏற்ற அழகிய அணிவகுப்பு எனப் பெரும்பாலோர் கண்டு மகிழ்ந்த அப்படத்தில், ஒருவர் தம் வாழ்நாள் வெற்றியைக் கைநழுவ விட்ட கணமே பதிந்திருக்கிறது.

நடந்து சென்றவர்

நான்காவது படத்தில் வேகமே இல்லை. 1969 ஜூன் 14. பாதையின் ஒரு புறம் கார்கள் வரிசையாக நிற்க, எதிர்ப்புறம் நின்ற ஓட்டுநர்கள், கொடி அசைந்ததும் ஓடிச்சென்று ஏறிப் புறப்படுவது லெ மானின் நெடுநாள் வழக்கம். படம்பிடிப்போர்க்கு அது பெருவிருந்து. ஆனால் ஓடி ஏறும் அவசரத்தில் பலர் சீட் பெல்ட்டை ஒழுங்காக மாட்டாமலே முதற் சுற்றை ஓட்டினர். இம்முறை ஆபத்தானது என்பதை உணர்த்த ஜாக்கி இக்ஸ் என்ற 24 வயதுப் பெல்ஜிய இளைஞர் ஒரு வழியைக் கண்டார். எல்லோரும் ஓட, அவர் மட்டும் மெல்ல நடந்து சென்றார். காரில் அமர்ந்து பெல்ட்டை நிதானமாக மாட்டிக்கொண்டு கடைசியில் புறப்பட்டார்.

அவர் அஞ்சியது அன்றே நடந்தது. முதற் சுற்றிலேயே ‘வெள்ளை வீட்டு’ வளைவருகே ஜான் வுல்ஃப் என்பவரின் கார் மோதி, பெல்ட் மாட்டியிராத அவர் மாண்டார். இக்ஸோ, கடைசியில் புறப்பட்டு, இருபத்துநான்கு மணி நேரம் பொறுமையாக ஓட்டி, தம் கூட்டாளி ஜாக்கி ஆலிவருடன் சேர்ந்து வென்றார். இரண்டாவது வந்த போர்ஷே காருக்கும் அவருக்கும் இடைவெளி ஏறத்தாழ 120 மீட்டர்தான்! நடந்து சென்றதில் இழந்த சில நொடிகள் அவருடைய வெற்றியைப் பறிக்கவில்லை. 1970 முதல் ஓடி ஏறும் வழக்கம் கைவிடப்பட்டது. வாயால் வாதிட்டுச் சாதிக்க முடியாததை ஒருவர் கால் நடையால் சாதித்தார். இதனினும் அமைதியான அறப்போர் ஒன்றை விளையாட்டுலகில் காண்பது அரிது.

சோழவரம் முதல் லெ மான் வரை

சென்னையில் இளமையைக் கழித்த நம் பெரியோர்க்குச் சோழவரம் என்ற பெயர் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். போர்க்காலத்து விமானத் தளத்தில் பல்லாண்டு நடந்த அப்பந்தயங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவற்றை நடத்திய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர் இந்து சந்தோக். அவர் பேரர் கருண் சந்தோக் 2012-இல் லெ மான் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவருடன் ஓட்டி ஆறாம் இடத்தையும் பெற்றார்.

அதற்கு மூன்றாண்டு முன்னரே அப்பெருமை கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனுக்குக் கிட்டியிருக்க வேண்டும். 2009-இல் ஆடி கார் ஒன்றின் மூன்று ஓட்டுநர்களுள் ஒருவராக அவர் லெ மான் சென்றார். பந்தயம் தொடங்குமுன் பிட் சுவரருகே தவறி விழுந்து தோளில் அடிபட்டது. மற்ற இருவருமே மூவர் சுமையைத் தாங்கி ஓட்டி ஏழாம் இடத்தில் முடித்தனர். இதுவும் நெடுநேரப் பந்தயத்தின் ஒரு முகமே. அங்கே வெற்றி தனியொருவர்க்கு உரியதன்று, தோல்வியும் அவ்வாறே.

படத்தில் இல்லாதவர்கள்

2023-இல் லெ மான் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. நூறாண்டுப் படங்களையும் ஒருசேரக் காணும்போது ஓர் எண்ணம் தோன்றுகிறது. காரின் மேல் நிற்கும் இருவரையும் மூவரையும் நாம் பெயர் சொல்லி அறிவோம். நள்ளிரவில் சூடேறிய சக்கரத்தை மாற்றிய மெக்கானிக்கை அறியோம். கையில் ஸ்டாப் வாட்ச்சும் மடியில் நோட்டுப் புத்தகமுமாக உறக்கமின்றிச் சுற்றுக் கணக்கெழுதிய ஓட்டுநர்தம் மனைவியரை அறியோம். ஆபத்தான வளைவில் விடியுமட்டும் கொடி பிடித்து நின்ற தொண்டரையும் அறியோம். அவர்களும் ஏதேனும் ஒரு படத்தின் ஓரத்தில் நிற்கக்கூடும். ஆனால் பின்புறத்தில் பெயர் எழுதியவர் இல்லை.

நம் சங்கத்தின் ஆண்டு விழாப் படங்களும் இதற்கு விலக்கல்ல. மாலையணிந்து நடுவே அமர்ந்தவர் இன்னாரென்று எல்லோர்க்கும் தெரியும். ஓரத்தில் பந்தற்கயிறு பிடித்து நிற்கும் இளைஞர் யார்? அடுப்படிப் புகையில் கண் கலங்க நிற்கும் அம்மையார் யார்? அறிந்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் இருபதாண்டு கழித்துக் கேட்டால் விடை கிடைக்குமா? ஆதலால் அன்பர்கள் தத்தம் வீட்டு ஆல்பங்களை எடுத்து, ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். பேனாவை விடப் பென்சிலே நல்லது. மை முன்புறம் ஊறிவிடும். செய்தித்தாள் சுற்றி வைத்த படங்கள் பழுத்துவிடும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.